சனிக்கிழமை சம்பளம், தூக்கம், பிரஷர்: சிறுதொழில் நடத்துறவங்க உடம்பைப் பத்தியும் கொஞ்சம் பேசுவோம்

நொய்யல்கரை (திருப்பூர், பவர்டேபிள் யூனிட்)

வணக்கமுங்க. இங்க ஜிஎஸ்டி, லோன், மிஷின் விலை, ஆள் பத்தாக்குறை எல்லாம் பேசறோம். அதையெல்லாம் சுமக்கற ஆளோட உடம்பைப் பத்தி மட்டும் பேச்சே வர்றதில்ல. எங்க ஏரியா பேக்கரியில நாற்பது தாண்டின யூனிட் ஓனருங்க நாலு பேரு டீ குடிக்க நின்னா, அதுல ரெண்டு பேருக்காவது சுகரோ பிரஷரோ இருக்கு. ராத்திரி தூக்கம் வரலைங்கறதை யாரும் கணக்குலயே சேர்க்கறதில்ல. அது தொழிலோட கூடவே வர்றதுன்னு எடுத்துக்கிட்டாங்க. அந்த நினைப்பு தப்புன்னு சொல்லத்தான் இந்த இழையை ஆரம்பிக்கறேன்.

வெளியூர்க்காரங்களுக்காக எங்க தொழிலைச் சொல்லிடறேன். எக்ஸ்போர்ட் கம்பெனி துணியை வெட்டி எங்களுக்கு அனுப்பும். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர்னு தையல் மிஷின்கள்ல தைச்சுத் திருப்பி அனுப்பறது எங்க வேலை. பீஸுக்கு இத்தனைன்னு கூலி. டெய்லர்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயந்திரம் கையில கொடுத்தே ஆகணும். எங்க பில்லுக்குக் கம்பெனிக்காரர் பணம் போடறது அறுபது நாள் கழிச்சும் இருக்கும், தொண்ணூறு நாளும் ஆகும். வாராவாரம் வெளிய போற பணத்துக்கும், எப்ப வரும்னே தெரியாத பணத்துக்கும் நடுவுல ஒரு மனுஷன் நிக்கறான். அவன் உடம்புலதான் அந்த வித்தியாசம் பூரா ஏறுது.

வெள்ளிக்கிழமை ராத்திரியைச் சொல்றேன். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு ஷட்டரை இறக்கினப்புறம் ஓனரோட வேலை ஆரம்பிக்குது. கம்பெனி அக்கவுண்ட்ஸுக்குப் போன். "பாஸ் வெளியூர்ல இருக்கார்"ம்பாங்க. அடுத்து கம்பெனியில ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசருக்கு, அவரு எடுக்க மாட்டார். அப்புறம் பைனான்ஸ்காரருக்கு, அவரு முதல் ரிங்லயே எடுப்பார். வீட்டுக்குப் போறப்ப பத்தரை. தட்டுல சோறு ஆறிக் கிடக்கும், போன் தட்டுக்குப் பக்கத்துலயே இருக்கும். இது ஒரு வாரம் நடந்தா பரவாயில்ல. வருஷம் பூரா வெள்ளிக்கிழமை இப்படியே போனா எந்த யோகா காப்பாத்தும்?

வாக்கிங் போங்க, தியானம் பண்ணுங்கன்னு சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க. நானும் நடக்கறேன். ஆனா ஓனரோட களைப்பு யூனிட்டுக்குள்ளதான் உற்பத்தியாகுது. அதை அங்கயே நிறுத்தணும். மூணு நாள் ஊட்டிக்குப் போயிட்டு வந்தா தீராது, போனும் கூடவே ஊட்டிக்கு வருதுங்க.

என் யூனிட்ல மாத்தின மூணு விஷயம் சொல்றேன். சம்பளத்துக்குன்னு தனி பேங்க் கணக்கு. எந்த பில் பணம் வந்தாலும் முதல் பங்கு அதுக்குப் போயிடும். ரெண்டு வாரச் சம்பளம் அதுல நிக்கற வரைக்கும் வேற எதுக்கும் தொடறதில்ல. அடுத்தது, சூப்பர்வைசருக்கு அதிகாரம் கொடுத்தது. நூல் கலர் பத்தலை, மெக்கானிக்கைக் கூப்பிடணும், ஒரு டெய்லர் வரலை, லைனை மாத்தணும், இதுக்கெல்லாம் எனக்குப் போன் வரக்கூடாது. ஒரு தொகைக்குள்ள செலவுன்னா அவரே முடிவு பண்ணலாம், சாயந்திரம் நோட்டுல எழுதி வெச்சாப் போதும். மூணாவதுதான் கஷ்டம். பீஸுக்கு எல்லாரையும் விட அதிக ரேட்டு கொடுத்து, எல்லாரையும் விட லேட்டா பணம் போட்ட ஒரு கம்பெனி வேலையை வேண்டாம்னுட்டேன். பக்கத்து யூனிட்காரங்க என்னைப் பைத்தியம்னாங்க. அந்தக் கூலியில பாதி வட்டிக்கே போறதை நான் எழுதிப் பாத்திருந்தேன், அவங்க எழுதிப் பாக்கலை.

உங்க தொழில்ல உங்களைத் தின்னுறது எதுங்க? சொல்லுங்க.

வைகைமெஸ் (மதுரை, மெஸ்)

அண்ணே, உங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரின்னா எங்களுக்கு விடிகாலை. நாலு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும். காய் மார்க்கெட்டுக்கு அதுக்கு முன்னாடியே ஆள் போகணும். காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரி புரோட்டா. மூணு வேளையும் ஊருக்குச் சாப்பாடு போடுற மனுஷன், தான் எப்ப சாப்பிடுறான்னு யாரும் பாக்குறதில்ல. சாயங்காலம் நாலு மணிக்கு, மிச்சம் இருக்குற சோத்துல ரசத்தை ஊத்தி, கல்லாப் பக்கத்துல நின்னுக்கிட்டே. அதுவும் பாதியில ஒருத்தர் பில் கொடுக்க வந்துருவாரு.

நிக்கிற தொழில்ல காலு போயிரும்ணே. கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு நீலமா நிக்குது. எங்க தொழில்ல பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கு, வேட்டிக்குள்ள மறைஞ்சிருக்கு.

நான் செஞ்சது ஒண்ணுதான். காலை டிபனை நிறுத்திட்டேன். வீட்ல சண்டை, அப்பா காலத்துல இருந்து இருக்குற டிபனை நிறுத்துறியேன்னு. ஆனா ஒரு மாசம் வேளைக்கு வேளை தனித்தனியாக் கணக்கு எழுதிப் பாத்தா, கேஸு, எண்ணெய், மாஸ்டர் கூலி எல்லாம் போக டிபன்ல மிஞ்சுறது ரொம்பக் கம்மி. மதியச் சாப்பாடுதான் கடையைத் தாங்குது. லாபமே இல்லாத ஒரு வேளைக்காகத் தூக்கத்தைக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கோம். இப்ப ஆறரைக்குத்தான் கடைக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி கடை கிடையாது.

மருந்துச்சீட்டு (ஈரோடு, பொது மருத்துவர்)

இந்த இழையைப் பார்த்ததில் உண்மையிலேயே மகிழ்ச்சி. என் கிளினிக்குக்கு ஜவுளிக்காரர்கள், மஞ்சள் மண்டிக்காரர்கள், லாரி உரிமையாளர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் தானாக வருவதில்லை, மனைவி இழுத்துக்கொண்டு வருகிறார். வந்தவுடன் கேட்பது "எவ்வளவு நேரம் ஆகும் டாக்டர்?" என்பதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில், ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்கிற இந்த வேலைக் களைப்பை நோய் என்று சொல்லவில்லை. வேலையால் வரும் ஒரு நிலை என்று வகுத்தது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலையின் மேலேயே ஒரு வெறுப்பும் விலகலும் வருவது, செய்கிற வேலையில் முன்பு இருந்த திறமை குறைவதுபோல் ஆவது. இதில் இரண்டாவதைத்தான் வீட்டில் இருப்பவர்கள் முதலில் கவனிக்கிறார்கள். ஆசையாகத் தொடங்கிய கடையின் பெயரைக் கேட்டாலே எரிந்து விழுகிறார் என்றால், அவருடைய குணம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எல்லாக் களைப்பையும் தொழில் களைப்பு என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு நோய், எல்லாமே இதே முகத்தோடுதான் வரும். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரிச் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், கொழுப்பு, கிரியாட்டினின், ஒரு ஈசிஜி. அரை நாள் வேலை. ஒரு லோடு சரக்கை மடக்கி அனுப்பும் நேரம்கூட ஆகாது.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களை, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றை உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்டன. பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். இங்கே எழுதும் உரிமையாளர்களில் 55 மணி நேரத்தை வியாழக்கிழமையே தாண்டாதவர் எத்தனை பேர்?

புதுக்கடை (சென்னை, ஆன்லைன் வியாபாரம்)

எல்லாரும் கோவிச்சுக்கக் கூடாது. ஆனா தொழில்னு இறங்கினா முதல் அஞ்சு வருஷம் இப்படித்தான் ஓடணும்னு நினைக்கிறேன். நான் தனியா பேக்கிங் பண்றேன், போட்டோ எடுக்கறேன், ராத்திரி ஒரு மணிக்குக் கஸ்டமருக்கு ரிப்ளை பண்றேன். பதில் லேட்டானா ரேட்டிங் இறங்குது, ரேட்டிங் இறங்கினா விற்பனை இறங்குது. எனக்கு 27 வயசு. இப்ப ஓடாம எப்ப ஓடறது? மெஸ்காரர் டிபனை நிறுத்தலாம், அவருக்கு மதியச் சாப்பாடு இருக்கு. ஆரம்பிக்கிறவன் எதை நிறுத்தறது?

மளிகைமாமா (தஞ்சாவூர், மளிகை)

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. நான் பதில் சொல்றேன். கடை வச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல் அஞ்சு வருஷம் ஓடணும்னுதான் நானும் ஓடினேன். அஞ்சாவது வருஷம் முடிஞ்சப்ப யாரும் வந்து "சரி, இனிமே உக்காரு"ன்னு சொல்லல. அந்த ஓட்டத்துக்குத் தகுந்த மாதிரி கடை அமைஞ்சு போச்சு. வாடிக்கையாளரும் அதுக்குத்தான் பழகினாங்க. ராத்திரி பத்தரைக்குக் கதவைத் தட்டினாலும் மாமா சர்க்கரை கொடுப்பார்னு ஊருக்கே தெரியும். அந்தப் பழக்கத்தை மாத்த எனக்குப் பத்து வருஷம் பிடிச்சுது. நீங்க இப்ப ராத்திரி ஒரு மணிக்குப் பதில் சொல்லி வாடிக்கையாளரைப் பழக்கறீங்க. பழக்கறது சுலபம், மாத்தறதுதான் பாடு.

நொய்யல்கரை

மாமா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். தம்பி, நீங்க ஓடறது தப்பில்லைங்க. ஆனா எதுக்கு ஓடறீங்கன்னு பிரிச்சுப் பாருங்க. புது சரக்கு தேடி அலையறதும் ஓட்டம்தான், டப்பாவுல டேப் ஒட்டறதும் ஓட்டம்தான். ரெண்டாவதை மதியத்துக்கு மேல ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்யலாம். ராத்திரி பத்துக்கு மேல வர்ற கேள்விக்கு "காலை 9 மணிக்குப் பதில் தருகிறோம்"னு தானா போற மெசேஜ் வெச்சிடலாம். வாட்ஸ்அப் பிசினஸ்லயே அந்த வசதி இருக்கு, காசு கிடையாது. ஒரு மாசம் வெச்சுப் பாருங்க. விற்பனை இறங்கினா எடுத்துடுங்க. பயத்துல ஓடறதை விட, கணக்குப் பாத்து ஓடுங்கன்னுதான் சொல்றேன்.

ஊசிநூல் (சேலம், தையல் பொட்டிக்)

அண்ணன்மார் எழுதினதெல்லாம் படிச்சேன். ஒருத்தர் கூட வீட்டுக்குப் போனப்புறம் சமைக்கணும்னு எழுதலை. நான் குறையாச் சொல்லலை, ஆனா அது எழுதப்பட வேண்டிய விஷயம்.

கடையை எட்டு மணிக்குச் சாத்திட்டு வீட்டுக்கு வந்தா எனக்கு அடுத்த ஷிப்ட். மாவு அரைக்கணும், பையன் ஹோம்ஒர்க், மாமியாருக்கு மாத்திரை. அப்புறம் பத்து மணிக்கு மேல ஆரி வேலைப்பாடு ஃபிரேமை இழுத்து வெச்சு உக்காருவேன். முகூர்த்த மாசம்னா கேக்கவே வேண்டாம். கல்யாணப் பொண்ணோட பிளவுஸ், தேதி மாத்த முடியாது. கழுத்தும் தோளும் கல்லு மாதிரி ஆயிடும். கை விரல் ராத்திரியில மரத்துப் போய் முழிப்பு வரும்.

எனக்கு உதவினது ரெண்டு விஷயம். ஒண்ணு, கடையில ஒரு நோட்டு. ஒரு வாரத்துக்கு இத்தனை ஆரி பிளவுஸ்தான்னு கோடு போட்டுட்டேன். நோட்டுல இடம் இல்லைன்னா ஆர்டர் இல்லை. எங்க அக்கா பொண்ணே வந்தாலும் நோட்டைத்தான் திறந்து காட்டுவேன். வாயால "முடியாது"ன்னு சொல்ல நம்மளால ஆகாது, பொம்பளைங்களுக்கு அது இன்னும் கஷ்டம். கோடு போட்ட பக்கத்தைக் காட்டினா அவங்களே புரிஞ்சுக்கறாங்க. அவசரம்னு கேட்டா அதுக்குத் தனி ரேட்டு, அந்தக் காசு எங்கிட்ட வேலை செய்யற பொண்ணுக்குப் போகும், ஏன்னா அவதான் கூட உக்காரணும். ரெண்டாவது, பாதி அட்வான்ஸ் வாங்காம துணியை வெட்டறதில்லை. முன்னாடி தைச்சு வெச்சுட்டு வாங்கிக்க வருவாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கறதுலயே மனசு பாதி தேஞ்சு போகும்.

வீட்டு வேலையைப் பத்தி என்ன செய்யறதுன்னு எனக்கு இன்னும் வழி கிடைக்கலை. கடைக்கு ஆள் போட்டப்ப யாரும் கேக்கலை. சமையலுக்கு ஆள் போடறேன்னப்ப "உனக்கென்ன அவ்வளவு சம்பாத்தியமா"ன்னு கேட்டாங்க.

மருந்துச்சீட்டு

அம்மா, ராத்திரியில் விரல் மரத்து விழிப்பு வருவதை விட்டுவிடாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம் மரத்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டுவதிலேயே நிறையப் பேருக்குக் குறைகிறது. தாமதித்தால் கட்டைவிரல் அடிச்சதை மெலிந்துவிடும், ஊசி பிடிக்கிற கைக்கு அது பெரிய இழப்பு. தைராய்டும் சர்க்கரையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டுமே இதைத் தூண்டும். ஹீமோகுளோபினும் பாருங்கள். நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது, பலர் அதைச் "சோம்பல்" என்று நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள்.

சமையலுக்கு ஆள் போடுவதை மருத்துவச் செலவு என்று வீட்டில் சொல்லுங்கள். என் சீட்டில் எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தருவேன்.

கணக்குப்பிள்ளை (கோவை, வரி ஆலோசகர்)

நொய்யல்கரை அண்ணன் எழுதின வெள்ளிக்கிழமை ராத்திரியை நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து வருஷக்கணக்காப் பார்க்கிறேன். என்கிட்ட வர்ற சிறுதொழில்காரங்க தூக்கம் கெடறதுக்கு நஷ்டத்தை விட வராத பாக்கிதான் பெரிய காரணம். லாபத்துல ஓடற யூனிட்டே பாக்கியில மூச்சு முட்டும். அதனால சட்டம் என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

2006-ஆம் வருஷத்து சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) வெச்சிருக்கற குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர்றதுக்குக் கெடு இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா சரக்கை ஏத்துக்கிட்டதிலிருந்து 15 நாள். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 90 நாள்னு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த 90 செல்லாது.

இது இவ்வளவு வருஷம் ஏட்டுலதான் கிடந்தது. 2023 பட்ஜெட்டுல வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)ங்கற பிரிவைச் சேர்த்தாங்க, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அமலுக்கு வந்தது. கெடு தாண்டியும் கட்டாம இருக்கற தொகையை, வாங்கினவர் அந்த வருஷச் செலவாக் காட்டி வரி குறைக்க முடியாது, எப்ப கட்டறாரோ அந்த வருஷம்தான் காட்டலாம். மார்ச் மாசத்துல பெரிய கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல இருந்து அவங்களே போன் பண்ணி "உங்க உதயம் நம்பர் என்ன"ன்னு கேக்கறதுக்குக் காரணம் இதுதான்.

இது எல்லாத்துக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்னா, பாக்கி கேக்கறதை ராத்திரி கவலையா வெச்சுக்காம பகல் வேலையா மாத்தணும். செவ்வாய்க்கிழமை காலையில ஒரு மணி நேரம். யாரு எவ்வளவு, எத்தனை நாள் தாண்டியிருக்குன்னு ஒரு பேப்பர். முப்பதாவது நாள் ஒரு மெயில், நாற்பதாவது நாள் ஒரு மெயில், பில்லுலயே உதயம் நம்பர், கெடு தேதி. இதை ஓனர் செய்ய வேண்டியதே இல்லை, கணக்கு எழுதற பொண்ணு செய்யலாம். அவங்க குரல்ல கூச்சம் இருக்காது, நம்ம குரல்லதான் இருக்கும்.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். விற்றுமுதல் 5 கோடிக்குள்ள இருந்தா மூணு மாசத்துக்கு ஒரு ரிட்டர்ன் போடற திட்டத்துக்கு மாறலாம், முதல் ரெண்டு மாசம் பணம் மட்டும் கட்டினாப் போதும். மாதாமாதம் 11, 20-ன்னு தேதியைப் பார்த்து நெஞ்சு அடிச்சுக்கறவங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனா உங்ககிட்ட வாங்கற கம்பெனி மாதாமாதம் இன்புட் கிரெடிட் (உங்க பில்லுல இருக்கற ஜிஎஸ்டியை அவங்க வரியில கழிச்சுக்கறது) கேட்டா, இன்வாய்ஸை மட்டும் மாசம் 13-க்குள்ள ஏத்தி விடணும்.

லேத்துப்பட்டறை (கோவை, கணபதி)

சட்டம் நல்லாத்தான் இருக்கு சார். 45 நாள்னு கேட்டா அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிடும். எனக்கு நாலு கஸ்டமர், அதுல ஒருத்தரே முக்கால்வாசி வேலை. அவரை நான் எப்படிக் கேக்கறது?

கணக்குப்பிள்ளை

நீங்க சொல்றது நிஜம். தாமதப் பாக்கியை விசாரிக்கற அரசு கவுன்சில்ல புகார் போட்டு ஜெயிச்சுட்டு, அந்தக் கஸ்டமரை மொத்தமா இழந்தவங்களையும் எனக்குத் தெரியும். அதனால சண்டையில ஆரம்பிக்காதீங்க. அவரோட விற்றுமுதல் 250 கோடிக்கு மேல இருந்தா, 2025 மார்ச்சுக்குள்ள டிரெட்ஸ்ங்கற, பில்லை வெச்சுப் பணம் வாங்கற ஆன்லைன் தளத்துல சேர்ந்திருக்கணும்னு அரசு உத்தரவே இருக்கு. அதுல உங்க பில்லை அவர் ஒத்துக்கிட்டா, பேங்க் வட்டியைக் கழிச்சுக்கிட்டு உங்களுக்கு முன்னாடியே பணம் தந்துடும், கெடு அன்னிக்கு அவர்கிட்ட வாங்கிக்கும். அவர் கட்டலைன்னாலும் உங்ககிட்டத் திரும்பக் கேக்க மாட்டாங்க. இதைக் கேட்டா அவருக்கும் சங்கடம் இல்லை.

ஆனா உங்க உண்மையான நோய் வேற. ஒரே கஸ்டமர்கிட்ட முக்கால் தொழில் இருக்கறதுதான். அவருக்குத் தும்மல் வந்தா உங்களுக்குக் காய்ச்சல். அடுத்த ஒரு வருஷத்துல அந்த முக்காலை அரையாக்கறதுக்கு என்ன வழின்னு மட்டும் யோசியுங்க.

நொய்யல்கரை

சார் கடைசியாச் சொன்னதை நாங்க 2025-ல கண்ணால பாத்தோமுங்க. ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்கா 50 சதவீத வரின்னதும், அமெரிக்க பையரை மட்டும் நம்பி இருந்த கம்பெனிங்க ஆர்டரை அப்படியே நிறுத்தி வெச்சாங்க. அவங்களுக்குத் தைக்கற எங்க மாதிரி ஆளுங்களுக்கு என்ன நடக்குதுன்னே புரியலை. துணி வெட்டிக் கட்டு கட்டா அடுக்கி இருக்கு, தைக்கலாமா வேண்டாமான்னு கேட்டா பதில் இல்ல. தீபாவளி போனஸ் வேற பக்கத்துல. உள்நாட்டு வேலையும் கொஞ்சம் வெச்சிருந்தவங்க மூச்சு விட்டாங்க. ரேட்டு கம்மிதான். ஆனா லைன் நிக்கலை.

அந்த மாசத்துல நான் பாத்த இன்னொண்ணு. நல்ல மனுஷங்க, யாருகிட்டயும் பேசாம ஒதுங்கிட்டாங்க. கடன் இருக்கறதைப் பொண்டாட்டிகிட்டக் கூடச் சொல்லாம, போனை ஆஃப் பண்ணிட்டு மிஷின் ரூம்லயே உக்காந்திருந்தவங்க இருக்காங்க. தயவு செஞ்சு அப்படி இருக்காதீங்க. பக்கத்து யூனிட்காரர் ரெண்டு நாளா கண்ணுல படலைன்னா போய்க் கதவைத் தட்டுங்க. டீ குடிக்கக் கூப்பிடுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்.

மருந்துச்சீட்டு

நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு இதைச் சொல்லாமல் போகக்கூடாது. எதிலும் பிடிப்பு இல்லை, நான் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பணத்தில் வீட்டுக்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்கிற மாதிரி எண்ணம் வந்தால் அது களைப்பு அல்ல, சிகிச்சை தேவைப்படும் நிலை. சிகிச்சையால் சரியாகும் நிலையும்கூட. 14416 என்கிற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கடனைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்கு முகம் தெரியாத ஒருவரிடம் தொடங்குவது சுலபம்.

தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் தெரிந்தவர் மூலம் வாங்கிப் போடுவது பல உரிமையாளர்களிடம் பார்க்கிறேன். வேண்டாம். அது பழகிக்கொள்ளும் மருந்து. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த பிறகு குடிப்பதும் தூக்கம் தராது. கண் மூடும், மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும்.

மளிகைமாமா

கணக்குப்பிள்ளை சார், நானும் உதயம் வச்சிருக்கேன். இந்த 45 நாள் எனக்கும் உண்டா? ரெண்டு கல்யாண மண்டபத்துக்காரங்க மாசக்கணக்கா பாக்கி வச்சிருக்காங்க.

கணக்குப்பிள்ளை

இல்லைங்க மாமா. சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021-ல உதயத்துல சேர்த்தது முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு உற்பத்தி, சேவை செய்யறவங்களுக்கு. நொய்யல்கரை அண்ணன் மாதிரி கூலிக்குச் செஞ்சு தர்ற ஜாப் ஒர்க் அதுல வரும், மளிகை வராது. உங்களுக்கு ஊசிநூல் அம்மா வழிதான், பாதி அட்வான்ஸ்.

உடம்பைப் பத்தின இழைங்கறதால இதையும் சொல்லிடறேன். உங்ககிட்ட வேலை செய்யறவங்களுக்கு மாசம் 21,000 ரூபா சம்பளம் வரைக்கும் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. முதலாளிக்குக் கிடையாது. டெய்லருக்கு ஆபரேஷன்னா இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு, ஓனருக்கு ஆபரேஷன்னா மிஷினை அடகு வைக்கறார். இதை எத்தனையோ வீட்டுல பார்த்துட்டேன். தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி கிடையாது. ஏற்கனவே இருக்கற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூணு வருஷம். அதனால நோய் வர்றதுக்கு முன்னாடி எடுக்கறதுதான் புத்தி. சுகர், பிரஷர் இருந்தா பாரத்துல மறைக்காதீங்க, கிளெய்ம் அங்கதான் அடிபடும்.

புதுக்கடை

தானா போற மெசேஜ் வெச்சுட்டேன் அண்ணா. ரெண்டு பேர் மட்டும் கோவப்பட்டாங்க, மத்தவங்க காலையில வாங்கிட்டாங்க. பேக்கிங்குக்குப் பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அஞ்சு வருஷம் ஓடணும்ங்கறதுல நான் இன்னும் மாறலை. ஆனா மாமா சொன்னது மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு.

வைகைமெஸ்

டாக்டர் சார், நீங்க எழுதினதைப் படிச்சுட்டு மருந்துக் கடையில பிரஷர் பாத்தேன். 164/100 காட்டுது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிஞ்ச கையோட போனேன், அதனால இருக்குமோ? தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்ல. முகூர்த்தம் முடியட்டும், ஆவணி கழிச்சுப் பாத்துக்கலாமா?

மருந்துச்சீட்டு

கூட்டம் முடிந்த கையோடு பார்த்ததால் கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஆனால் இவ்வளவு இருப்பதை அதன் மேல் மட்டும் போட முடியாது. தலைவலி இல்லை என்பதும் நல்ல செய்தி அல்ல, ரத்த அழுத்தம் பெரும்பாலும் எதுவும் சொல்லாமல்தான் இருக்கும். நாளைக் காலை டீ, காபி, பீடி, சிகரெட் எதுவும் தொடாமல், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கையை மேஜை மேல் வைத்து இரண்டு முறை பாருங்கள். 140/90-க்கு மேலேயே இருந்தால் ஆவணி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையும் ஈசிஜியும் அதே நாளில் எடுத்துவிடுங்கள். இடையில் நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, மூச்சு வாங்குதல், வியர்த்துக் கொட்டுவது எது வந்தாலும் கேஸ் என்று சோடா குடிக்காமல் உடனே 108.

சாப்பாட்டை நாலு மணிக்கு நின்றுகொண்டு சாப்பிடுவதையும் மாற்றுங்கள். கூட்டம் வருவதற்கு முன் பதினொன்றரைக்கு முதல் இலை உங்களுக்கு. அப்பளம், ஊறுகாய் இல்லாமல்.

வைகைமெஸ்

சரி சார். காலையில பாத்துட்டு எழுதுறேன். கல்லாவுல தம்பியை உக்கார வைக்கச் சொல்லிட்டேன்.

ஊசிநூல்

அண்ணா, ரிப்போர்ட் வந்ததும் இங்க கட்டாயம் எழுதுங்க. நானும் வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போறேன். அன்னிக்கு நோட்டுல கோடு போட்டு அடிச்சுட்டேன்.